கடல் கடந்த கல்வியும் கிராமக் கணக்கும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சென்ற வாரம் உழவர் ஒருவர் என்னைக் காண வந்தார். அவருடைய மகன் மேற்படிப்புக்கு அயல்நாடு செல்ல விரும்புகிறான். "இருக்கும் இரண்டு ஏக்கரை அடமானம் வைத்து அனுப்பலாமா, ஐயா? படித்தவன் ஊரை மறந்துவிட்டால் என் கதி என்ன?" என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன வரலாற்றையே உங்களுக்கும் கூற விரும்புகிறேன்.

1892-ஆம் ஆண்டில் தஞ்சையில் பிறந்தவர் ஜே. சி. குமரப்பா. லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் அத்தொழிலை நடத்தி வந்தார். மேனாட்டு உடையும் வசதியான வாழ்வும் அவருக்குப் பழகியிருந்தன. 1927-இல் அமெரிக்கா சென்று, சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் கற்றார். பின்னர் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அமெரிக்காவில் ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் வறுமையில் வாடுகிறது என்பது பற்றி அவர் உரையாற்றினார். அச்செய்தி நாளிதழில் வெளிவந்தது. அதைக் கண்ட பேராசிரியர் செலிக்மன், அதனையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளுமாறு தூண்டினார். மாணவர் குமரப்பா ஆங்கில அரசின் வரவு செலவுகளை ஆராய்ந்தார். ஏழை உழவரிடம் திரட்டிய வரி, அவருக்குப் பயன்படாத வழிகளில் செலவானதைக் கண்டார். சொந்த நாட்டின் வறுமைக்குரிய காரணம் அவருக்குத் தொலைதூர நாட்டில்தான் விளங்கிற்று.

1929-இல் நாடு திரும்பியவர், தம் ஆராய்ச்சியைக் காந்தியடிகளிடம் காட்டினார். அடிகள் அதனைத் தம் 'யங் இந்தியா' இதழில் வெளியிட்டதோடு, கிராமங்களை நேரில் ஆராயுமாறும் பணித்தார். குமரப்பா குஜராத் வித்யாபீட மாணவர்களுடன் மாத்தர் தாலுகாவில் உழவரின் வரவு, செலவு, கடன் ஆகியவற்றைக் கணக்கெடுத்தார். 1934-இல் தோன்றிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை முன்னின்று நடத்தினார். இறுதிக் காலத்தை மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் கழித்து, 1960-இல் மறைந்தார்.

நண்பர்களே, அயல்நாடு செல்வோர் அனைவரும் குமரப்பா ஆவர் என்று நான் உறுதி கூற இயலாது. அந்த உழவருக்கும் அதையே சொன்னேன். "நிலத்தைத் தொடுமுன் வங்கியின் கல்விக் கடனைப் பற்றியும், அரசின் உதவித்தொகைக்குத் தகுதி உண்டா என்பது பற்றியும் விசாரியுங்கள். உங்கள் நெல்லுக்கு ஆன செலவையும் கிடைத்த விலையையும் மகனை உட்கார்த்தி எழுதச் சொல்லுங்கள். அந்தக் கணக்கு மனத்தில் பதிந்தால், எங்கே படித்தாலும் ஊரின் நினைவு அவனை விட்டு அகலாது" என்றேன்.

உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபையில் ஊராட்சியின் வரவு செலவைப் படிக்கும் பொறுப்பை, விடுமுறைக்கு வந்திருக்கும் உங்கள் ஊர் மாணவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். அவர் கேள்வி எழுப்பினால் சினம் கொள்ளாமல் விடை கூறுங்கள். ஊரின் கணக்கை இங்கே படித்துச் செல்பவர், கற்றதை ஊருக்குக் கொண்டு வருவார் என்று நம்புகிறேன்.