டிராக்டரில் ஹைட்ராலிக் எண்ணெய் மாற்றும் முறை

(உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



தென்னங்கன்று நடக் குழி எடுக்கவும், பாசனக் குழாய் பதிக்கவும், வாய்க்கால் தூர் வாரவும் டிராக்டரின் பின்னால் பொருத்தும் பேக்ஹோ என்னும் மண் தோண்டும் கருவி இன்று கிராமங்களில் பயன்பட்டு வருகிறது. உங்களில் சிலர் இதைச் சொந்தமாக வைத்திருப்பீர்கள். சிலர் கூட்டாக வாங்கியிருப்பீர்கள். என்ஜின் எண்ணெயை மணிக்கணக்குப் பார்த்து மாற்றும் நாம், இந்தக் கருவியின் கையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் எண்ணெயை மறந்துவிடுகிறோம். கருவி மெதுவாக இயங்கத் தொடங்கிய பிறகு அவசர அவசரமாக மாற்றுகிறோம். எண்ணெயை மாற்றினால் மட்டும் போதாது. சுத்தமாகவும் பாதுகாப்பாகவும் மாற்ற வேண்டும். இதுவே இன்று நான் உங்களிடம் சொல்ல வந்த செய்தி.

எண்ணெய் என்ன செய்கிறது?

பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ளுகிறது. அது ஹோஸ் வழியாகச் சிலிண்டருக்குள் சென்று பிஸ்டனை நகர்த்துகிறது. அதனால் வாளி மண்ணைத் தோண்டுகிறது. இந்த எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். அதாவது, சுண்டுவிரல் நகமளவு இடத்தில் 75 கிலோ நெல் மூட்டைகள் இரண்டின் பாரம் அழுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே எண்ணெய்தான் பம்பையும் வால்வுகளையும் வழவழப்பாக வைக்கிறது. சூட்டையும் எடுத்துச் செல்கிறது. பம்பினுள் உள்ள இடைவெளிகள் தலைமுடியின் பருமனைவிட மிகவும் சிறியவை. கண்ணுக்குத் தெரியாத மணல் துகள் அங்கே புகுந்தால் அரத்தைப் போல் அராவிவிடும். ஹைட்ராலிக் பழுதுகளில் பெரும்பகுதிக்குக் காரணம் அசுத்தமே. குடம் பாலுக்குத் துளி விஷம் என்பது இந்த எண்ணெய்க்கும் பொருந்தும்.

எந்த எண்ணெய் ஊற்றுவது?

முதலில் உங்கள் கருவி எந்த வகை என்று பாருங்கள். சில பேக்ஹோக்களுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி உண்டு, பி.டி.ஓ. தண்டால் இயங்கும் தனிப் பம்பும் உண்டு. இவற்றுக்குப் பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. 46 அல்லது 68 எண்ணுள்ள ஹைட்ராலிக் எண்ணெய் குறிப்பிடப்பட்டிருக்கும். எண் பெரிதானால் எண்ணெய் கெட்டியானது என்று பொருள்.

வேறு சில, டிராக்டரின் பின்பகுதியில் உள்ள எண்ணெயையே எடுத்துக்கொள்ளும். அந்த எண்ணெயில் பல் சக்கரங்கள் மூழ்கியிருக்கின்றன. பல மாடல்களில் பிரேக் தட்டுகளும் அதிலேயே மூழ்கியிருக்கின்றன. இங்கே டிராக்டருக்கென்றே தயாராகும் பொது எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். விலை குறைவு என்று வேறொன்றை ஊற்றினால் பிரேக் கிறீச்சிடும், பிடிப்பும் குறையும். கைப்புத்தகத்தில் எழுதியுள்ள வகையை வாங்குங்கள். இரண்டு வகைகளைக் கலக்காதீர்கள்.

எப்போது மாற்றுவது?

பல டிராக்டர்களில் பின்பகுதி எண்ணெய்க்கு 1,000 மணி நேரம் என்றோ அதை ஒட்டியோ கெடு கொடுத்திருப்பார்கள். பில்டரை அதற்கு முன்பே மாற்றவேண்டி வரும். புதிய வண்டியில் இரும்புத் துகள்கள் உதிர்வதால் முதல் சர்வீஸைத் தவறவிடக் கூடாது. புழுதியிலும் சேற்றிலும் வேலை செய்தால் கெடுவுக்கு முன்பே மாற்றுவது நல்லது.

கெடு வராவிட்டாலும் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் அளவு மீறிச் சூடேறியிருக்கிறது. நுரை தள்ளினால் காற்று புகுகிறது. சந்தேகம் இருந்தால் சிறிது எண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஓர் இரவு அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் தண்ணீரோ வண்டலோ படிந்திருந்தால் தாமதிக்காமல் மாற்றிவிடுங்கள்.

மாற்றும் முறை

1. காற்றில் புழுதி பறக்காத, சமமான தரையில் வண்டியை நிறுத்துங்கள். சிறிது நேரம் இயக்கி எண்ணெயை வெதுவெதுப்பாக்கினால் அழுக்கு கலங்கி எளிதில் வடியும். கொதிக்கும் சூட்டில் திறக்காதீர்கள், கை வெந்துவிடும்.

2. வாளியையும் ஊன்று கால்களையும் தரையில் இறக்குங்கள். என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு லீவரையும் இரு பக்கமும் இரண்டு மூன்று முறை அசையுங்கள். என்ஜின் நின்றாலும் ஹோஸுக்குள் அழுத்தம் நிற்கும். லீவரை அசைத்தால்தான் அது தணியும். தூக்கிய கையின் கீழே நின்று எந்த நட்டையும் கழற்றாதீர்கள்.

3. மூடியையும் டிரெயின் பிளக்கையும் சுற்றி ஒட்டிய மண்ணைத் திறப்பதற்கு முன்பே துடைத்தெடுங்கள். நூல் உதிரும் பஞ்சுக் கழிவு வேண்டாம்; துவைத்த துணி போதும்.

4. எண்ணெயை முழுவதும் வடியவிடுங்கள். டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் ஒட்டியுள்ளதைப் பாருங்கள். மாவு போன்ற துகள் வழக்கமானதே. சில்லுகளாக இரும்பு இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

5. பில்டரைப் புதிதாக மாற்றுங்கள். உறிஞ்சு குழாயின் வலைச் சல்லடையைக் கழுவுங்கள். பழைய பில்டரோடு புதிய எண்ணெய் ஊற்றுவது, குளித்துவிட்டு அழுக்கு வேட்டியைக் கட்டுவது போன்றது.

6. புதிய எண்ணெயை முத்திரை உடைக்காத டப்பாவிலிருந்து சுத்தமான புனல் வழியாக அளவுக் குறி வரை ஊற்றுங்கள். மருந்து அடித்த குடமும், தண்ணீர் மொண்ட வாளியும் இதற்கு ஆகாது.

7. என்ஜினை மெதுவான வேகத்தில் சில நிமிடம் ஓடவிட்டு ஒவ்வொரு லீவரையும் நிதானமாக இயக்குங்கள். காற்று வெளியேறும். பம்பு ஊளையிட்டால் உடனே நிறுத்தி அளவையும் உறிஞ்சு குழாயையும் பாருங்கள். பின் கைப்புத்தகம் சொல்லும் நிலையில் கருவியை வைத்து, குறைந்த அளவை நிரப்புங்கள்.

தொட்டியை வடித்தாலும் சிலிண்டர்களிலும் ஹோஸ்களிலும் பழைய எண்ணெய் தங்கிவிடும். ஆகவே தண்ணீர் கலந்த எண்ணெயாக இருந்தால், சில மணி நேரம் வேலை செய்தபின் மறுபடி பாருங்கள். வெளுப்பு தெரிந்தால் இன்னொரு முறை மாற்றியே ஆக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. டிப்பர் டிரெய்லரை இரவல் வாங்கி இணைக்கும்போது, அதனுள் இருக்கும் எண்ணெயும் அழுக்கும் உங்கள் டிராக்டருக்குள் வந்துவிடும். இணைப்பு முனைகளைத் துடைத்துவிட்டுப் பொருத்துங்கள். கழற்றிய பின் மூடி போட்டு வையுங்கள்.

கையால் கசிவைத் தேடாதீர்கள்

இதை எல்லாவற்றிலும் முக்கியமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் எண்ணெய் புகை போலப் பீய்ச்சும். சில சமயம் கண்ணுக்கே தெரியாது. கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்ப்பது நம்மிடம் உள்ள வழக்கம். அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும். வெளியே முள் குத்தியது போல் ஒரு புள்ளிதான் தெரியும். முதலில் வலிகூட அதிகம் இராது. ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கும். நேரம் கடத்தியதால் விரலையோ கையையோ எடுக்கவேண்டி வந்தவர்கள் உண்டு.

ஆகவே ஒரு அட்டைத் துண்டை ஹோஸ் அருகே பிடித்துப் பாருங்கள். எண்ணெய் பட்டால் அட்டை நனையும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். தவறிப் பட்டுவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். "அழுத்தமான எண்ணெய் உள்ளே புகுந்துவிட்டது" என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். வெளிக்காயம் சிறியது என்று யாரும் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. வண்டியை ஓட்டும் தம்பிகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

கழிவு எண்ணெய்

வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ வரப்பிலோ கொட்டாதீர்கள். அது மண்ணில் இறங்கிக் கிணற்று நீரைக் கெடுக்கும். அடுப்பெரிக்கவும் ஆகாது. மூடியுள்ள டப்பாவில் சேர்த்துவைத்து, பழைய எண்ணெய் சேகரிக்கும் சர்வீஸ் நிலையத்தில் கொடுங்கள். கழிவு எண்ணெய் 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின் கீழ் வருகிறது.

எண்ணெய் மாற்றிய நாளையும், மணிக்காட்டி காட்டிய எண்ணையும், எண்ணெயின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கூட்டாக வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த நோட்டு மிகவும் அவசியம். "நீ மாற்றினாய் என்று நான் நினைத்தேன்" என்ற பேச்சுக்கே இடமிராது. ஒரு பில்டரின் விலை பம்பின் விலையோடு ஒப்பிட்டால் மிகவும் சிறிது. பம்பைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். கையை வாங்க முடியாது. இதை மனத்தில் வைத்துச் செயல்படுமாறு கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.