நாமே செய்யும் சீட்டுக்கட்டு
(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சீட்டு என்ற சொல்லை இந்த மேடையில் உச்சரித்ததுமே பெரியோர் சிலரின் நெற்றி சுருங்குவதைக் காண்கிறோம். அதில் நியாயம் உண்டு. சம்பள நாளன்று லயத்துக் கோடியில் விரிக்கும் பாயிலே, ஒரு மாதத்து உழைப்பு ஒரே இரவில் கைமாறிப் போவதைத் தோட்டத்தில் பிறந்த எவரும் அறிவர். தருமர் நாட்டை இழந்ததும் சூதினாலேயே. திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூதைக் கடியவே அமைந்தது. ஆனால் அங்கெல்லாம் கேட்டை விளைத்தது பணயம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகப் பரமபதம் ஆடும் வழக்கம் தமிழகத்தில் உண்டன்றோ? பணயத்தை விலக்குவோம், ஆட்டத்தை வைத்துக்கொள்வோம் என்பதே நமது வேண்டுகோள்.

சீட்டுக்கட்டை நாமே செய்வதும் புதிய காரியமன்று. பாரதத்தில் கஞ்சிபா என்னும் வட்டச் சீட்டுகள் கையாலே தீட்டப்பட்டன. தசாவதாரக் கஞ்சிபாவில் அவதாரத்துக்கு 12 வீதம் 120 சீட்டுகள். மைசூர் மன்னர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) இதில் பேரார்வங் கொண்டு, பல புதிய ஆட்டங்களைத் தாமே வகுத்தார். அவற்றுள் 18 இனங்கள் கொண்டதும் உண்டு. சித்திரக்காரருக்கும் பொருளுக்கும் மன்னருக்குக் குறைவில்லை. ஆயினும் அவ்வாட்டங்கள் அரண்மனையைத் தாண்டிப் பெருவழக்காகவில்லை. விதிகள் அத்தனை சிக்கலாயிருந்தன.

நம் நாட்டில் வழங்கும் முந்நூற்று நான்கைப் பாருங்கள். 32 சீட்டுகளே. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் 304. ஆட்டத்தின் பெயரே அதன் கணக்கு! முதல் நான்கு சீட்டைக் கண்டதுமே கேள்வி கேட்கவேண்டும். மீதி நான்கு பின்னரே வரும். பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் துணிகிற அந்த ஒரு விதியே இந்த ஆட்டத்தின் உயிர். ஊர் மக்களின் பாயிலே அது நிலைத்துவிட்டது. ஆட்டத்தை நிலைநிறுத்துவது ஆக்கியவரின் பெருமையன்று, ஆடுபவரின் விருப்பமே என்பதை இவ்விரண்டும் நமக்குக் காட்டுகின்றன.

இதை மனத்திற்கொண்டு நாமும் ஒரு கட்டைச் செய்தோம். பொருள் தேயிலை. பறித்தல், வாட்டல், அரைத்தல், நொதிக்க விடுதல், உலர்த்தல், தரம் பிரித்தல் என ஆறு படிகள். அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை, ஹாலி-எல, பசறை, லுணுகலை என ஆறு ஊர்கள். ஆறாறு முப்பத்தாறு சீட்டுகள். பழைய நாட்காட்டி அட்டைகளை ஒரே அளவாய் வெட்டி, முதுகில் ஒரே நிறத் தாளை ஒட்டினோம். முதுகில் ஒரு கறை தெரிந்தாலும் சீட்டு காட்டிக்கொடுத்துவிடும். நால்வர் இரு கட்சியாக எதிரெதிரே அமர்வர். ஆளுக்கு ஆறு சீட்டு, மீதி பன்னிரண்டு நடுவில் கவிழ்ந்திருக்கும். முறைக்கு ஒன்றை எடுத்து ஒன்றைப் போடவேண்டும். ஆறு படிகளையும் வரிசையாய் அடுக்கினால் ஒரு பெட்டித் தேயிலை. இரண்டு பெட்டியை முந்தி முடிக்கும் கட்சிக்கே வெற்றி.

செய்வது பாதி வேலை. ஆடிப் பார்ப்பது மறுபாதி. அதற்கு மூன்று நியமங்களை வைத்துக்கொண்டோம். விதிகளை எழுதிக் கொடுத்துவிட்டு, ஆக்கியவர் வாய்திறவாமல் ஓரமாய் இருக்கவேண்டும். ஆடுபவர் எங்கே தயங்குகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளவேண்டும். ஒரு தடவைக்கு ஒரு விதியையே மாற்றவேண்டும். இரண்டை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

கெட்டிக்கார வாலிபர் சிலர் வாட்டல் சீட்டுகளையே கையில் சேர்த்துப் பதுக்கினர். எதிர்க்கட்சிக்கு வழியே அடைபட்டது. அபராதம் போடலாமா என்று நாம் ஆலோசிக்கையில், தேயிலை ஸ்டோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் சொன்னார்: "கொழுந்து காத்திருக்காது தம்பி. சாக்கிலே அமுக்கி வச்சா சூடேறிச் சிவந்து போகும்." அதுவே விதியாயிற்று. ஒரே படியில் இரண்டு சீட்டுக்கு மேல் கையில் வைக்கலாகாது. மூன்றாவதை நடுவில் விரித்துப் போடவேண்டும். தம் முறையில் எவரும் அதை எடுக்கலாம். எதிரிகள் இருவரும் இரண்டிரண்டாக நான்கைப் பிடித்தாலும் மீதி இரண்டு நமக்குண்டு. வெற்றிக்கு வேண்டியதும் இரண்டே! தொழிலின் உண்மையும் ஆட்டத்தின் நீதியும் ஒன்றாகப் பொருந்தின.

அன்று அந்தப் பெரியவர் அத்துடன் எழுந்து போகவில்லை. வாட்டலுக்கு ஓரிரவு பிடிக்கும் என்றும், ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக்கொழுந்து வேண்டும் என்றும், யூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வரண்ட காற்றே ஊவாத் தேயிலைக்கு மணம் தருகிறது என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். தாய் கூடை சுமப்பதை நித்தமும் பார்க்கும் பிள்ளைகள், ஸ்டோருக்குள் போன கொழுந்து என்னவாகிறது என்பதை அன்றுதான் கேட்டனர். இந்த அறிவு பெரியோரோடு மறைந்துபோனால், எத்தனை புத்தகம் வாங்கினாலும் அதை மீட்கமுடியுமா?

ஆகவே பெரியோர்களே, பணம் வராத பாயில் நீங்களும் வந்து அமருங்கள். வருகின்ற சிவராத்திரிக் கண்விழிப்பில் நம் மண்டபத்தில் இந்தக் கட்டு இருக்கட்டும். வாலிப அன்பர்களே, உங்கள் தோட்டத்துக்கென்று ஒரு கட்டைச் செய்யுங்கள். அதை முதலில் உங்கள் பாட்டியிடம் கொடுத்து ஆடிப் பாருங்கள். தோற்றவர் "இன்னொரு ஆட்டம்" என்று கேட்டால், உங்கள் ஆட்டம் தேறிவிட்டது என்று கொள்ளுங்கள்.