பூட்டிய கோப்பில் தேடுவது எப்படி?

ஒரு மருத்துவமனை தன் நோயாளிகளின் கோப்புகளைக் கிளவுடில், அதாவது வேறொரு நிறுவனத்தின் சர்வரில், சேமித்து வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ளவர்கள் படித்துவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் குறியாக்கம் செய்து, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் காசநோய் உள்ளவர்களின் கோப்புகள் மட்டும் வேண்டுமென்றால்? சர்வரால் அவற்றைப் படிக்க முடியாது, அதனால் தேடித் தரவும் முடியாது. எல்லாவற்றையும் இறக்கித் திறந்து பார்க்க வேண்டும், அல்லது சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டான் சாங், டேவிட் வாக்னர், அட்ரியன் பெரிக் மூவரும் ஒரு வழி காட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் அதை வளர்த்தார்கள். ஒவ்வொரு சொல்லும் சாவியின் உதவியால் ஓர் இரகசியக் குறியாக மாறுகிறது. எந்தக் குறி எந்தக் கோப்பில் உள்ளது என்ற அட்டவணை சர்வரில் இருக்கும். 'காசநோய்' என்று தேடினால் அதற்குரிய குறி மட்டுமே சர்வருக்குப் போகும். சொல் என்னவென்று தெரியாமலே சர்வர் கோப்புகளை எடுத்துத் தந்துவிடும்.

ஆனால் சொல் தெரியாவிட்டாலும் சில தடயங்கள் தெரிந்துவிடும். ஒரே குறி மறுபடி வருகிறதா, எத்தனை கோப்புகள் சிக்குகின்றன என்பதைச் சர்வர் பார்க்கிறது. மழைக்காலத்தில் ஒரு குறிக்குரிய கோப்புகள் மளமளவென்று கூடினால், அது டெங்கு என்று ஊகிக்க அதிக நேரம் ஆகாது.

இது வெறும் பயமல்ல. எண்களைக் குறியாக்கிய பிறகும் அவற்றின் ஏறுவரிசை மாறாமல் காக்கும் வேறொரு முறை உண்டு; தேடுவதற்கு அது வசதி, ஆனால் அந்த வரிசையே ஒரு தடயம். 2015-இல் முகமது நவீத், செனி கமாரா, சார்லஸ் ரைட் ஆகியோர் அமெரிக்காவின் 200 பெரிய மருத்துவமனைகளின் தரவுகளில் அதைச் சோதித்தார்கள். 95 விழுக்காடு மருத்துவமனைகளில், 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் வயது, நோயின் தீவிரம் போன்றவற்றைச் சாவி இல்லாமலே கண்டுபிடித்தார்கள்.

தடயத்தையும் மறைக்க வழி உண்டு. பூட்டைத் திறக்காமலே கணக்கிடும் முறையைக் கிரெய்க் ஜென்ட்ரி 2009-இல் நிறுவிக் காட்டினார். ஆனால் அதற்குக் கணினி உழைப்பு மிக அதிகம். வேகம் வேண்டுமென்றால் கொஞ்சம் இரகசியம் கசிகிறது. இரகசியம் முழுதாக வேண்டுமென்றால் நேரமும் செலவும் கூடுகின்றன.

எனவே, "குறியாக்கம் செய்திருக்கிறோம்" என்ற பதிலோடு நாம் திருப்தி அடையக் கூடாது. சாவி யாரிடம் இருக்கிறது, தேடும்போது சர்வருக்கு என்னென்ன தெரிகிறது என்ற இரண்டு கேள்விகளையும் நம் விவரங்களை வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் கேட்க வேண்டும். நோயாளியின் இரகசியத்தைக் காக்க ஒரு தேடல் சில நொடிகள் தாமதமானால், அந்தத் தாமதம் தகும்.