தண்ணீர்ப் பந்தலில் தண்ணீர்

(நன்கொடையாளர்களுக்கு நன்றி கூறும் நாளில் ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)

 

வழக்கமாக இந்த மேடையில் நன்றி கூறுவேன். இன்று ஒரு குறையும் சொல்ல வந்திருக்கிறேன். குறை உங்கள் மீது அல்ல. தண்ணீர்ப் பந்தல் பொறுப்பைப் பல ஆண்டுகள் ஏற்றிருந்த என் மீதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் தைப்பூசத்தன்று நம் பந்தலில் நின்றிருந்தேன். கிள்ளானில் என்னிடம் படித்த பழைய மாணவர் ஒருவர் ஊன்றுகோலுடன் வந்தார். லாரி ஓட்டியவர், ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இனிப்பு நீர் முற்றி, கால் விரல்களை எடுத்துவிட்டார்கள். "சார், வெறும் தண்ணி இருக்குங்களா?" என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். ஒரு பெரிய தொட்டி நிறைய ரோஸ் சிராப். பெட்டி பெட்டியாகப் பாக்கெட் பானம், டின் பானம். தண்ணீர் இல்லை. 'தண்ணீர்ப் பந்தல்' என்ற பலகைதான் தலைக்கு மேல் தொங்கியது. "பரவால்லீங்க சார்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் ஒருவர் கதை அல்ல இது. சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு தேசிய ஆய்வில், நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே 31.4 விழுக்காடு. அதாவது, பந்தலில் வரிசை பிடிக்கும் பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2013 அக்டோபர் வரை சீனிக்குக் கிலோவுக்கு 34 காசு மானியம் கொடுத்து வந்த அதே நாடு, 2019 ஜூலை 1 முதல் இனிப்புப் பானத்துக்கு வரி விதித்தது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் லிட்டருக்கு 40 காசு. பழச்சாறு என்றால் 12 கிராமுக்கு மேல். 2024-இல் அது 50 காசானது. 2025 வரவு செலவுத் திட்டத்தில், படிப்படியாக மேலும் 40 காசு உயரும் என்று அறிவிக்கப்பட்டது.

ஒரு டின்னுக்குச் சில காசுதானே என்று கேட்கலாம். வரம்பு வைத்ததில்தான் சூட்சுமம் இருக்கிறது. சீனியை அந்த வரம்புக்குக் கீழே குறைத்தால் நிறுவனத்துக்கு வரியே இல்லை. பிரிட்டன் 2018 ஏப்ரலில் இப்படி வரி கொண்டுவந்தபோது, பல நிறுவனங்கள் தங்கள் பானங்களில் சீனியைக் குறைத்துவிட்டன.

ஆனால் இந்த வரி எட்டாத இடங்கள் உண்டு. ஆலையில் அடைத்து வரும் பானத்துக்குத்தான் வரி. பிரிக்பீல்ட்ஸ் கடையில் ஆற்றித் தரும் தே தாரிக்குக்கு இல்லை. எட்டாத இன்னோர் இடம் நம் பந்தல். வரி விலையின் வழியாகத்தான் பேசும். கடையில் விலையைப் பார்த்துக் கையை இழுத்துக்கொள்பவர் உண்டு. நம் பந்தலில் விலை ஏது? வரியை நன்கொடையாளர் கட்டுகிறார். சீனியைப் பக்தர் குடிக்கிறார்.

கணக்கு எளிது. 100 மில்லிக்கு 10 கிராம் சீனியுள்ள பானம் என்றால், 325 மில்லி டின் ஒன்றில் 32 கிராமுக்கு மேல், ஆறு தேக்கரண்டிக்குக் குறையாது. நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு பந்தலுக்கு ஒரு டின் என்று குடித்து வரும் குழந்தையை எண்ணிப் பாருங்கள்.

திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் திருப்பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்தார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. வழிநடந்து களைத்தவருக்கு அங்கே கிடைத்தது குளிர்ந்த நீர். அந்த அறத்தின் வழிவந்தவர்கள் நாம்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, பந்தலின் முன்வரிசையில் குடிநீர் இருக்கட்டும். அடுத்து உப்பிட்ட நீர்மோர். இரண்டாவது, பெட்டிப் பானம் வழங்க விரும்புவோர் அட்டையைப் படித்து, 5 கிராமுக்குக் குறைந்த சீனியுள்ளதை வாங்குங்கள். குடிநீர்ப் போத்தலாகவே தந்தால் இன்னும் சிறப்பு. மூன்றாவது, சிராப் கலக்கும் தொண்டர்கள் சீனியைப் பாதியாக்குங்கள். பானகம் வெல்லத்தில் செய்ததுதானே என்பார்கள். வெல்லமும் சீனிதான், பிரசாதமாக ஒரு கரண்டி போதும்.

"சாமி காரியத்தில் கஞ்சத்தனமா?" என்று சிலர் கேட்கக்கூடும். பணத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. சீனியைத்தான் குறைக்கச் சொல்கிறேன். மிச்சமாகும் பணத்தில் ஆண்டுக்கொரு முறை இம்மண்டபத்திலேயே இலவச இரத்தப் பரிசோதனை நடத்தலாம் என்று நிர்வாகக் குழுவிடம் கேட்டிருக்கிறேன்.

வரும் தைப்பூசத்துக்கு என் மாணவர் வருவார் என்று நம்புகிறேன். இம்முறை அவர் கேட்பதற்கு முன்பே என் கையால் ஒரு குவளை தண்ணீர் கொடுக்க வேண்டும். அதற்கு உங்கள் துணையை வேண்டி, எல்லாம் வல்ல முருகப்பெருமான் அனைவருக்கும் நோயற்ற வாழ்வு அருளப் பிரார்த்தித்து விடைபெறுகிறேன்.