இரவுப் பயணமும் துணை விளக்கும்

இலங்கையில் பதிவு செய்யப்பட்டுள்ள வாகனங்களுள் அரைப்பங்குக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. வயலுக்கும் வேலைத்தலத்துக்கும் வைத்தியசாலைக்கும் சென்று, பொழுதுபட்ட பின் வீடு திரும்புவோர் பலர் அவற்றையே நம்பியிருக்கின்றனர். பின்னிருக்கையில் மனைவியும் நடுவிலே பிள்ளையும் அமர்ந்திருக்க, இருள் மண்டிய வீதியில் ஒற்றை விளக்கின் துணையோடு செல்பவருக்கு, 'இன்னுஞ் சிறிது வெளிச்சம் இருந்தால் நன்று' என்று தோன்றுவது இயல்பு. ஆகவே துணை விளக்குகளை வாங்கிப் பூட்டுகின்றனர். அது நல்ல முயற்சியே. எனினும், எத்தகைய விளக்கை எங்கே எவ்வாறு பூட்டுவது என்று அறியாமற் செய்தால், காக்க வந்த விளக்கே உயிருக்கு உலை வைத்துவிடும்.

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்பது பயன்தரும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் மோட்டார் சைக்கிள் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடிவிடும். ஏ-9 வீதியில் மாங்குளத்துக்கு அப்பால், தாரின் சூட்டை நாடி ஒரு மாடு படுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கண் அதைக் கண்டு, மூளை உணர்ந்து, கை பிரேக்கை அழுத்துவதற்குள் ஒன்றரைச் செக்கன் கழியும். அதற்குள் 25 மீற்றர் போய்விடும். பின்னர் உலர்ந்த தார் வீதியில் வண்டி நிற்பதற்கு மேலும் 25 மீற்றர் வரை வேண்டும். மொத்தம் 50 மீற்றர். வேகம் 80 ஆனால் இத்தூரம் ஏறக்குறைய 75 மீற்றராகும். மழை நனைத்த வீதியாயின் இன்னுங் கூடும். ஆனால் கறுப்பு மாடோ, கருநிற உடையணிந்து நடப்பவரோ, விளக்கைத் தாழ்த்தியிருக்கும் வேளையில் 50 மீற்றருக்கு அப்பாலேயே தெரிவார்கள் என்று உறுதிகூற இயலாது. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகமே இரவுக்கு உரிய வேகம். துணை விளக்கின் வேலை அத்தூரத்தைச் சற்றுக் கூட்டிக் கொடுப்பதாகும்; வேகத்தைக் கூட்டுவதற்கு அது அனுமதிச் சீட்டன்று.

புதிய விளக்கை வாங்குமுன் பழைய விளக்கைச் சோதிப்பது முறை. மங்கிய கண்ணாடியும் துருப்பிடித்த மின் இணைப்பும் வெளிச்சத்தை விழுங்கிவிடுகின்றன. இழை கொண்ட மின்குமிழுக்குச் செல்லும் மின்னழுத்தம் பத்திலொரு பங்கு குறைந்தால், ஒளி ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறையும். ஆகவே இணைப்புகளைத் துப்புரவாக்கி, தேய்ந்த கம்பிகளை மாற்றி, விளக்கின் கோணத்தைச் சரிசெய்வதே செலவு குறைந்த முதற் சீர்திருத்தம். ஹலஜன் மின்குமிழைக் கழற்றிவிட்டு அதே கூட்டினுள் எல்.ஈ.டி. குமிழைச் செருகுவோரும் உளர். அந்தக் கூட்டின் வளைந்த பளபளப்பு, மெல்லிய இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டே அமைக்கப்பட்டது. ஒளி பிறக்கும் இடம் சிறிது பிசகினாலும் கதிர்கள் வீதியை விட்டு எதிரே வருபவரின் முகத்துக்குத் திரும்பிவிடும்.

துணை விளக்குகள் இருவகைப்படும். ஒருவகை, ஒடுங்கிய கற்றையைத் தொலைவுக்கு வீசுவது. மற்றையது, அகன்று தட்டையான கற்றையைத் தாழ்வாக விரித்து, வீதியோரத்தையும் வளைவின் உட்புறத்தையும் காட்டுவது. நுவரெலியா, அப்புத்தளைப் பக்கங்களில் மூடுபனி கவியும்போது உதவுவது இந்த இரண்டாம் வகையே. உயரத்திலிருந்து வீசும் ஒளி பனித்துளிகளிற் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வந்து வெண்சுவராக நிற்கும். மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துச் செல்லும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. உண்மையில் பனித்துளிகள் ஒளியலையினும் பன்மடங்கு பெரியவை. எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரேயளவிற் சிதறடிப்பவை. அங்கே பயன் தருவது நிறத்தினும் மேலாக, விளக்கின் தாழ்ந்த இடமும் தட்டையான கற்றையுமே. இன்னொரு நன்மையும் உண்டு. தனியொரு விளக்கைக் காணும் எதிர்த்திசை ஓட்டுநருக்கு அதன் தூரத்தையும் வேகத்தையும் மதிப்பிடுவது கடினம். முன்விளக்குக்குக் கீழே இருபுறமும் இரு சிறு விளக்குகள் முக்கோணமாக அமைந்தால், அம்மதிப்பீடு அவருக்கு எளிதாகின்றது.

அடுத்தது மின்சாரம். 55 வாற்று ஹலஜன் விளக்குகள் இரண்டு, 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து 9 அம்பியருக்கு மேல் இழுக்கும். முன்விளக்கே 35 வாற்று அளவிலுள்ள சிறிய மோட்டார் சைக்கிளின் மின்பிறப்பாக்கி இச்சுமையைத் தாங்காது. பற்றரி வெறுமையாகி வழியில் நிற்க நேரும். 10 வாற்று எல்.ஈ.டி. விளக்குகள் இரண்டு, இரண்டு அம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும். நீல ஒளி தரும் எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்தமைக்காக அக்காசாக்கி, அமானோ, நாக்கமுரா என்னும் மூவர் 2014ஆம் ஆண்டு பௌதிகவியல் நோபல் பரிசு பெற்றனர். அக்கண்டுபிடிப்பே இன்று சிறு வண்டிக்கும் இவ்வசதியைத் தந்திருக்கின்றது.

விளக்குக்கான கம்பியைப் பற்றரியிலிருந்து நேரே எடுத்து, பற்றரிக்கு அண்மையிலேயே அளவான உருகி ஒன்றைப் பொருத்த வேண்டும். உருகி இல்லாத இடத்தில் கம்பியின் உறை தேய்ந்து உலோகத்திற் பட்டால், தீ மூண்டுவிடும். கைப்பிடியிலுள்ள ஆளி நேரடியாக மின்சாரத்தைச் சுமக்காது, றிலே ஒன்றை இயக்குவதாக அமைவது நன்று. தொலைவுக்கு வீசும் துணை விளக்கு முன்விளக்கின் உயர்கற்றையோடு சேர்ந்தே எரிய வேண்டும். முன்விளக்கைத் தாழ்த்தியதும் அதுவும் அணைந்துவிட வேண்டும். எதிரே வாகனம் வரும் நொடியில் இரண்டாவது ஆளியைத் தேடுவதற்குக் கைக்கு நேரமிராது.

இறுதியாகக் கோணம். வழமையாக ஏறும் பாரத்தை ஏற்றி, சமதரையில் ஒரு சுவருக்கு 10 மீற்றர் தூரத்தில் வண்டியை நிமிர்த்தி நிறுத்த வேண்டும். தாழ்ந்த கற்றையின் மேல்விளிம்பு, விளக்கின் உயரத்திலிருந்து குறைந்தது 10 சென்ரிமீற்றர் கீழே சுவரில் விழ வேண்டும். தட்டையான துணை விளக்காயின் 20 சென்ரிமீற்றர் கீழே விழுவது நன்று. பின்னிருக்கையில் ஒருவர் ஏறினால் வண்டியின் முன்புறம் நிமிர்ந்து, ஒளியும் மேலெழும் என்பதை மறத்தலாகாது.

இவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்கலாம். பேரொளி பட்ட கண் மீண்டுந் தெளிவாகக் காண்பதற்குச் சில செக்கன்கள் எடுக்கும். முதியோருக்கு இன்னும் நீளும். ஐந்து செக்கன் என்று கொண்டாலும், 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் லொறிச் சாரதி 80 மீற்றருக்கு மேல் குருடராக ஓட்டுகின்றார். அந்த 80 மீற்றருக்குள் விளக்கில்லாத சைக்கிளில் ஒருவர் போய்க்கொண்டிருக்கலாம். மோட்டார் சைக்கிளில் வருபவரும் அந்த லொறியின் எதிரேதான் வருகின்றார். எதிரே வருபவரின் பார்வையைப் பறிக்கும் விளக்கு, தன்னைப் பூட்டியவரையும் அவர் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றது. மேலதிக விளக்குகள் பற்றிய சட்ட விதிகளை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற் கேட்டறிந்து, விளக்கைப் பூட்டிய பின் ஒருமுறை எதிர்ப்புறம் நடந்து சென்று, வண்டியைத் திரும்பிப் பார்ப்பது ஒவ்வொருவரதுங் கடமையாகும். அங்கிருந்து பார்ப்பவரின் கண் கூசுமாயின், வேலை இன்னும் முடியவில்லை.