ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன கேட்கலாம்?

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர் ஆற்றிய உரை)



மாணவர்களைப் பரிசோதிக்க எங்கள் துறையினர் உங்கள் பள்ளிக்கு வருகிறார்கள். காய்ச்சல், பேதி என்றால் அதே மாணவர்கள் பெற்றோருடன் எங்களிடம் வருகிறார்கள். அப்படி வருபவர்களில் பலர், எதைக் கேட்கலாம் என்று தெரியாமலே திரும்பிப் போகிறார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

கிராமத்துக்கு அருகிலேயே சிகிச்சையும் நோய்த்தடுப்பும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்று 1946-இல் போர் குழு பரிந்துரைத்தது. அதன் வழியில் 1952 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் உருவாயின. சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது விதிமுறை. மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் இடம் இது. இங்கே யாரும் தயங்கி நிற்க வேண்டியதில்லை.

நோயாளி எதை எதிர்பார்க்கலாம்? முதலில், மருத்துவர் அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு, உடலைப் பரிசோதிக்க வேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீர், சளி போன்ற அடிப்படைப் பரிசோதனைகளும் மாத்திரைகளும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். பெண்களைப் பரிசோதிக்கும்போது மறைவு வேண்டும். நோய் விவரம் வெளியே போகக்கூடாது. எங்களால் முடியாத நோய் என்றால், எந்த மருத்துவமனைக்கு, எதற்காகப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டும்.

எதிர்பார்க்கக் கூடாததும் உண்டு. "ஊசி போடலையா டாக்டர்?" என்ற கேள்வியை நான் கேட்காத நாளே இல்லை. சாதாரண சளிக்கும் காய்ச்சலுக்கும் ஊசி தேவையில்லை. வைரஸால் வரும் சளிக்கு ஆன்டிபயாடிக் பயன் தராது. ஊசி போடாத மருத்துவர் கவனிக்காத மருத்துவர் என்று நினைப்பவர்கள், கூலிக் காசைச் செலவழித்து வேறு எங்காவது போய் ஊசி போட்டுக்கொள்கிறார்கள்.

தெரியாமை சில நேரம் உயிரையே பறிக்கும். நாய் கடித்த மாணவன் ஒருவன், தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்ற பயத்தில் மூன்று நாள் வீட்டில் சொல்லவில்லை. அவன் நொண்டி நடப்பதைக் கவனித்த ஆசிரியை விசாரித்து, பெற்றோரை வரவழைத்து எங்களிடம் அனுப்பினார். பதினான்கு ஊசி என்பது பழைய கதை. இப்போது கையில்தான் போடுகிறோம். முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள்கள். கடித்தவுடன் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். காயம் ஆழமாக இருந்தால் கூடுதல் மருந்துக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவோம். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. அந்த மாணவன் இன்று நலமாகப் பள்ளிக்கு வருகிறான்.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். மருத்துவரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை வகுப்பில் பழக்குங்கள். எனக்கு என்ன நோய்? இந்த மருந்தை எப்படி, எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? என்ன அறிகுறி தெரிந்தால் உடனே திரும்பி வர வேண்டும்?

இந்தக் கேள்விகள் மாணவர்களோடு நிற்காது. தலைவலி நின்றதும் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடும் பாட்டிகள் நிறைய உண்டு. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் அதைத் தினமும் சாப்பிட வேண்டும் என்று பாட்டிக்குச் சீட்டைப் படித்துச் சொல்ல, உங்கள் ஏழாம் வகுப்பு மாணவியால் முடியும்.

கூட்டம் அதிகமான நாளில் நாங்களும் அவசரப்படுகிறோம்; விளக்காமல் அனுப்பிவிடுவதும் நடக்கிறது. அப்போது நோயாளி கேட்டால்தான் நாங்கள் நின்று பதில் சொல்வோம். அதற்கும் பதில் கிடைக்காவிட்டால் 104 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம், குறையையும் சொல்லலாம்.

கேள்வி கேட்கும் மாணவரை வகுப்பில் நீங்கள் பாராட்டுகிறீர்கள். அதே மாணவர் எங்கள் அறையிலும் வாய் திறந்து கேட்கட்டும். பதில் சொல்வது எங்கள் கடமை.