மலைப் பிள்ளைக்கு முதல் புத்தகம்



ஜவ்வாது மலைப் பள்ளிகளுக்குப் புத்தகம் அனுப்ப நம் சங்கம் முடிவு செய்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் பரணில் கிடக்கும் பழைய கைடுகளை மூட்டை கட்டிவிடாதீர்கள், அது எடைக்குப் போகட்டும்!

எழுத்துக்கூட்டும் பிள்ளைக்குப் பக்கத்துக்கு இரண்டு வரி, பெரிய எழுத்து, கதை சொல்லும் படம் வேண்டும். சாமை, பலா, தேன் என்று வீட்டில் புழங்கும் சொல் அச்சில் வந்தால், முதலெழுத்தைப் பார்த்ததுமே மீதியைப் பிடித்துக்கொள்ளும். 1996-ல் தொடங்கிய சென்னைத் துலிகா பதிப்பகம் தமிழிலும் படப்புத்தகங்கள் போடுகிறது, பாருங்கள். அதற்காக மலைக் கதையோடு நிறுத்திடாதீங்க. காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிற மலையாச்சே அது! நட்சத்திரமும் வேண்டும், கடலும் வேண்டும்.

வாங்குமுன் கடையிலேயே ஒரு பக்கம் வாய்விட்டுப் படியுங்க. நாக்கு தடுக்கினால் வைத்துவிடுங்கள். ஆளுக்கு ஒன்று போதும், புதுசாக.